யாரும் சிரிக்காத கதை

“நான் பேசணும்.”

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். ஒருவன் பேனாவைக் கீழே வைத்தான். இந்த அறையில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது என்று முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

ஸ்பானிஷ் முதுகலையில் மதியத்துக்கு மேல் கதைப் பட்டறை. அதற்கென்று ஒரு சட்டம் உண்டு. கதையை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. வேறொருவர் அதை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கூறு போட்டு அலசுவார்கள். எழுதியவர், தன்னையே அறுத்துப் பார்ப்பதைப் படுத்தபடி பார்க்கும் பிணம் மாதிரி, குறிப்பெடுத்துக்கொண்டு இருக்க வேண்டும். கடைசியில் எல்லோரும் தாங்கள் கிறுக்கிய பிரதிகளைத் திருப்பிக் கொடுப்பார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்.

“என்ன சொன்னாலும் பல்லைக் கடிச்சுக்கோ,” என்று சீனியர் அக்கா எச்சரித்திருந்தாள். “போன வருஷம் ஒருத்தி பேசணும்னு கேட்டா. இப்ப அவ பேரைக்கூட இங்க யாரும் சொல்றதில்ல.”

பல்லைக் கடிப்பது அவளுக்கு வராது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். அதுவும் ஸ்பானிஷ். எதுக்கு இந்தப் படிப்பு என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு அம்மா ஆளுக்கொரு பொய் சொல்லி வைத்திருந்தாள். சித்தியிடம் விமானக் கம்பெனி, மாமாவிடம் தூதரகம். கதை எழுதத்தான் படிக்கிறாள் என்பது அம்மாவுக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

அறையில் பேச்செல்லாம் ஸ்பானிஷில் நடந்தது. கோபம் வந்தால் வாயாடிக்கு அந்த மொழி தடையில்லாமல் வரும்.

“சட்டம் உனக்குத் தெரியும்தானே,” என்றார் பேராசிரியை. அவர் குரலை உயர்த்தியதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

“தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்.”

“கொஞ்சம் காப்பி குடிச்சிட்டு வருவோம்,” என்று அவர் எழுந்துகொண்டார்.

கதை இதுதான். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவு. இஸ்திரி போடும் ஐந்து பெண்கள். விருந்தாளிகளின் துணி கைக்கு வந்ததும், மேற்பார்வையாளர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, அதை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தி பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சூப்பில் முடி கிடக்கிறது என்று சண்டைக்கு வருகிறாள். இன்னொருத்தி தரையைக் கூட்டும் நீள கவுனில் ஒரு சீமாட்டி. மயக்கம் போட்டு விழ வாகான இடம் தேடுகிறாள். முடிந்ததும் கழற்றி, மறுபடி அலசி, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் மாடிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் கவுனுக்குச் சொந்தக்காரியான நிஜச் சீமாட்டி அதே கவுனில் படியிறங்குகிறாள். முந்தின நாள் இஸ்திரிக்காரி தடுக்கிய அதே விளிம்பில் தடுக்குகிறாள். ஐந்து பேரும் வேலையாட்கள் வழியில் நின்று வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

வாயாடி எழுதும்போதே சிரித்தாள். பேருந்தில் திருத்தும்போது சிரித்ததில் பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

இன்று அதைப் படித்தது சீனியர் அக்கா. இழவு வீட்டுச் செய்தி சொல்வது போல, ஒவ்வொரு வரிக்கும் மூச்சை இழுத்து விட்டுப் படித்தாள். படித்து முடித்ததும், எதைப் படித்தாலும் கண் கலங்குவதால் ‘உருக்கம்’ என்று பெயர் வாங்கியவன் மூக்கைத் துடைத்தான்.

“அந்தத் துணி அவங்களுக்கு ஒருநாளும் சொந்தமாகாதுங்கிறது என்னை உலுக்கிடுச்சு,” என்றான்.

“இல்லாமைதான் கதை,” என்றாள் ஒருத்தி.

“அம்மாவோட வலி,” என்றான் இன்னொருவன். கதையில் அம்மா என்று யாருமே இல்லை. அவளுடைய அம்மா சலவையில் வேலை செய்கிறாள் என்பது வகுப்புக்கே தெரியும். அதனால் ஐவரில் ஒருத்தியை அவர்களே அம்மாவாக்கிக்கொண்டார்கள். அப்போதுதான் அவள் பேசணும் என்றாள்.

காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் பேராசிரியை அவளைப் பிடித்தார்.

“உன்கிட்ட சரக்கு இருக்கு. துறை மலர்ல இந்தக் கதை வரணும்னு நான் நினைக்கிறேன். மலர்ல வந்தா ரெண்டாம் வருஷம் எழுத்துப் பிரிவுல உனக்கு இடம் உறுதி. வரலைன்னா ஆய்வுப் பிரிவுதான், தெரியுமில்ல?”

தெரியும். எழுத்துப் பிரிவில் கதை எழுதலாம். ஆய்வுப் பிரிவில் மற்றவர்கள் எழுதியதற்கு அடிக்குறிப்பு எழுதலாம். அதற்காகவா ஸ்பானிஷ் படிக்க வந்தாள்?

“ரெண்டே ரெண்டு மாற்றம்,” என்றார் பேராசிரியை. “கடைசியில அவங்க மாட்டிக்கணும். ஒருத்திக்கு வேலை போகணும். அப்புறம், மேல ஒரு சின்னக் குறிப்பு. இது உன் அம்மாவோட அனுபவம்னு. அவங்க போட்டோ இருந்தா நல்லது.”

“கதையில போகலைன்னாலும், அந்தக் குறிப்பைப் போட்டா எங்கம்மாவுக்கு நிஜமாவே வேலை போயிடும்.”

“ஸ்பானிஷ்ல வர்றதை அந்த ஹோட்டல்ல யார் படிக்கப் போறாங்க?”

“ஸ்பெயின்ல இருந்து வந்து தங்குறவங்க படிப்பாங்களே. கவுனு அவங்களோடதுதானே.”

“அப்ப நிஜம்தான் இல்லையா,” என்றார் பேராசிரியை. திருப்தியான சிரிப்பு. வாயாடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை பேச்சுக்கு நடுவில் அந்த ஒரு வார்த்தையை விட்டிருக்கக் கூடாது.

“யோசி. ஒண்ணு மட்டும் சொல்றேன். இத்தனை பேர்ல ஒருத்தர்கூட சிரிக்கலைன்னா, அது படிச்சவங்க குத்தமா, எழுதினவ குத்தமா?”

அது சுருக்கென்று தைத்தது. கோபப்பட்டுத் தள்ளிவிட முடியாத கேள்வி. வாயாடி தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். தன் ஸ்பானிஷில்தான் ஓட்டையோ? தமிழில் வெடிக்கிற இடம் அதில் நமுத்துப் போகிறதோ? அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“என்னடி, வாத்தியாரம்மா வெளிய துரத்திட்டாங்களா?” பின்னால் இயந்திரச் சத்தம்.

“இன்னும் இல்ல. அம்மா, நீங்க துணி மாட்டிப் பாப்பீங்களே, அதைக் கதையா எழுதிட்டேன்.”

சத்தத்திலிருந்து விலகி எங்கோ நடந்துபோகும் காலடி கேட்டது. “யார் பேரைப் போட்ட?”

“யார் பேரும் இல்ல. ஊரு, ஹோட்டல், ஒண்ணும் இல்ல.”

“அப்ப சரி. கவுனு வருதா?”

“வருது. தடுக்குறதும் வருது.”

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவே கொஞ்ச நேரமாயிற்று. “எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்களே.”

“அழுதாங்கம்மா.”

“எதுக்குடி? நாங்க எந்தத் துணியையும் தீய்ச்சிடலையே.”

“உங்களைப் பாத்தா பாவமா இருக்காம்.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “அந்த நிறத்துல கவுனை வாங்கினவளை விட்டுட்டு எங்களைப் பாத்தா பாவமா இருக்கு? சரி, மேற்பார்வை வர்றான், வைக்கிறேன்.”

வாயாடி அறைக்குள் போனாள். உட்காரவில்லை. சீனியர் அக்காவின் நாற்காலி அருகே நின்று கையை நீட்டினாள்.

“அக்கா, அதைக் குடுங்க. நானே படிக்கிறேன்.”

“அடியே, வேணாம்,” என்றாள் அக்கா உதட்டை அசைக்காமல்.

“பேசலை. படிக்கத்தான் போறேன்.”

பேராசிரியை தடுக்கவில்லை. வாயாடி நின்றபடி படித்தாள். அம்மா சொல்கிற வேகத்தில், அம்மா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி. சூப்புச் சண்டை வந்தபோது குரலை மூக்கில் ஏற்றினாள். யாரும் அசையவில்லை. சீமாட்டி மயக்கம் போட இடம் தேடி, நாற்காலியைத் தட்டிப் பார்த்து, மெத்தை போதாது என்று அடுத்த நாற்காலிக்குப் போனபோது, சீனியர் அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மலை அடக்குவது போல. அடுத்த வரியில் அது அடங்கவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். தொற்றிக்கொண்டது. உருக்கத்துக்கே இந்த முறை வேறு காரணத்துக்காகக் கண் கலங்கியது.

பேராசிரியையும் சிரித்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“நல்லாப் படிச்ச. ஆனா மலரைப் படிக்கிறவங்க பக்கத்துல நீ நின்னு படிச்சுக் காட்ட முடியாதே. அந்தக் குறிப்பும் முடிவும் வேணும். இல்லாம என்னால போட முடியாது.”

“சரி,” என்றாள் வாயாடி.

அவர் முகம் மலர்ந்தது. அதற்குள் அவள் மேசையைச் சுற்றி வரத் தொடங்கியிருந்தாள். உருக்கத்தின் பிரதி, அடுத்தவளுடையது, அதற்கடுத்தது. ஓரங்களில் ‘வலி’, ‘ஏக்கம்’, ‘அம்மா!’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கடைசியாகப் பேராசிரியையிடம் கையை நீட்டினாள்.

“இது மலருக்குப் போற பிரதி,” என்றார் அவர்.

“பிரதியெல்லாம் எழுதினவகிட்ட திருப்பிக் குடுக்கணும். உங்க சட்டம்தானே.”

அவர் விரல்கள் தாள்களை விடாமல் சற்று நேரம் பிடித்திருந்தன. பிறகு விட்டன.

“ஆய்வுப் பிரிவுல உனக்கு மூச்சு முட்டும். நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சாச்சு. என்னை அங்கயே போட்டுடுங்க. அடிக்குறிப்பு எழுதிக்கிட்டே கதையும் எழுதிக்கிறேன்.” தாள்களைத் தட்டி அடுக்கிப் பைக்குள் திணித்தாள். “நன்றி,” என்றாள், சட்டப்படி.

சீனியர் அக்கா இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயாடி கதவை இழுத்துத் திறந்து வெளியேறினாள். நிதானமாகத் தானே மூடிக்கொள்கிற கதவு அது, அறைந்து சாத்த வழியில்லை. அது ஒன்றுதான் அவளுக்குக் குறை.