இடுப்பு உயரத்தில் ஒரு வெளிச்சம்

நெப்ராஸ்காவில் நோவா லிபா ஊரிலுள்ள கோவாண்டா வீட்டின் கீழ்த்தளத்தில், ஒரு அறுவடைக்காலம் முழுவதும் வெளிச்சம் தையல் மெஷினுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. விளக்குகள் எரிந்தன. சுவர் தெரிந்தது, தரை தெரிந்தது, படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிய ஊறுகாய் ஜாடிகள்கூடத் தெரிந்தன. மெஷினும், அதன் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியும் மட்டும் இருட்டில் கிடந்தன. வேலிவரை வந்து நிற்கும் மாடுகளைப் போல வெளிச்சம் அங்கே வந்து நின்றது, தாண்டவில்லை. மின்கம்பி பழசு என்று ஊரில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். அந்த வீட்டுக்குக் கம்பி இழுத்தது லூமிர் கோவாண்டா. எங்கள் குடும்பத்தில் யாரும் அரைகுறை வேலை செய்வதில்லை.

காரணம் ஒரு சொல். கோவாண்டா வம்சத்தில், மகன் வழியிலோ மகள் வழியிலோ, பிறந்த எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும், அந்த வீட்டு மருமகள் தைத்த வெள்ளைப் பஞ்சுப் போர்வை ஒன்று கூடப் போகும். இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவே பஞ்சு. மூன்றையும் சேர்த்து இறகுக் கொடியாக ஓடும் வெள்ளை நூல். கல்யாண விருந்தில் அதைத் தோளில் போர்த்திய பிறகுதான் பெண்ணின் முக்காட்டை எடுப்பார்கள். லூமிரின் மனைவி அர்டித் இதற்காகவே குதிரைக் கழுத்து நீளத்துக்குக் கை நீண்ட மெஷின் ஒன்றைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தாள். அது தண்டவாளத்தில் ஓடும். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து அவளே துணிமேல் ஓட்டிப் போவாள். முன்னால் வரைந்துகொள்வதும் இல்லை. பொத்தானை அமுக்கினால் தானாகத் தைக்கும் மெஷின்கள் வேறு ஊர்களில் உண்டு. அவளுடையது அதுவல்ல.

அந்த ஆண்டு மாதா கோயில் விருந்துக்கு அர்டித்தின் போர்வை ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். லூமிரின் அக்கா டெலோரிஸ் ஒரு கையில் கசகசா வைத்த கொலாச் ரொட்டியோடு வந்து, மறு கை விரலால் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாப் பெண்களும் கேட்க, "ம்ம். வித்தியாசமா இருக்கு" என்றாள்.

மற்ற ஊர்களில் இது ஒன்றுமே இல்லாத பேச்சு. நோவா லிபாவில் யாரும் யாரையும் மோசம் என்று சொல்வதில்லை. சாய்ந்த கொட்டகைக்கும், உப்புக் கரிக்கும் சூப்புக்கும், குடித்துவிட்டு வரும் மாப்பிள்ளைக்கும் அந்த ஒரே சொல்தான். அதற்குக் கீழே இறங்க இன்னொரு படி கிடையாது. டெலோரிஸ் இறங்கினாள். "பரவால்ல, மெஷின்தான தைக்குது. இவ பொத்தான அமுக்கிட்டுக் காப்பி குடிச்சிருப்பா."

பெண்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். அர்டித், "இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போடட்டுமா அண்ணி?" என்று கேட்டாள். சொல்ல வேண்டிய பதிலை விழுங்கினாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோது வெளிச்சம் இறங்க மறுத்தது.

சட்டத்தில் அப்போது இருந்தது டெலோரிஸின் மகள் கெல்சிக்கான போர்வை. சோளம் அறுத்து முடிந்ததும் கல்யாணம். லூமிர் கூரையில் இன்னும் விளக்குகளை மாட்டினான். டிராக்டர் கொட்டகை விளக்குகளையும் கழற்றிக்கொண்டு வந்தான். மேலே சமையலறைத் தரை சுட்டது. ரொட்டி மாவைத் தரையில் வைத்தாலே பொங்கியது. மெஷின் இருட்டிலேயே இருந்தது.

"மேலருந்து போட்டா எல்லாப் பக்கமும் விழும்ல?" என்றான்.

"மேலருந்து எவ்வளவு கொட்டினாலும் வெள்ளையில வெள்ள தெரியாதுய்யா. பக்கத்துலருந்து வரணும், தாழ்வா. நிழல் விழுந்தாத்தான் தையல் தெரியும். எத்தன தடவ சொல்றது?"

"பக்கத்துல வச்சா கால்ல தட்டும்."

"என் காலு. நான் தட்டிக்கிறேன்."

கடைசியில் பக்கத்திலும் வைத்தான். அந்த வெளிச்சம் தண்டவாளம்வரை வந்து திரும்பிப் போனது. பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு, ஈரப்பதம்தான் காரணமாக இருக்கும் என்றார். அர்டித் விரலால் தடவித் தடவி இருட்டிலேயே தைத்தாள். சரியாக வந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும்தான். விழுங்கிய பதிலை அவள் இன்னும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து டெலோரிஸ் கெல்சியைக் கூட்டிக்கொண்டு, போர்வையை அள்ளிப் போக ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடு கீழே இறங்கி வந்தாள். "லிங்கன் டவுன்ல ஒரு கடை இருக்கு, கம்ப்யூட்டர் மெஷின். மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவாங்களாம். உனக்கும் சிரமம் வேணாம்." துணியைச் சட்டத்தோடு பிடித்திருந்த ஊசிகளை இருட்டில் தடவிக் கழற்றத் தொடங்கினாள். அந்தப் போர்வை அந்தப் படியேறிப் போயிருந்தால், முன்பின் தெரியாத கடைக்காரன் தைத்ததைப் போர்த்திய முதல் கோவாண்டா பெண் கெல்சியாக இருந்திருப்பாள்.

"கைய எடுங்க அண்ணி," என்றாள் அர்டித்.

"என்னது?"

"கைய எடுங்கன்னேன். பொத்தான்னு சொன்னீங்களே, எங்க இருக்கு? காட்டுங்க. இந்த ரெண்டு கைப்பிடியையும் இழுத்து இழுத்து என் தோள் கழண்டு கெடக்கு. உங்க கல்யாணத்துக்கு உங்கம்மா தச்ச போர்வையில மூணு இறகு கோணல். இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து பாக்குறேன். ஒரு நாள் வாயத் தொறந்திருக்கேனா? வித்தியாசமா இருக்குன்னு சொல்லியிருக்கேனா?"

அவள் பேசப் பேச மேற்குச் சுவரிலிருந்து வெளிச்சம் வந்தது. அந்தச் சுவரில் சன்னல் கிடையாது. அதற்குப் பின்னால் மண்ணும் சோள வேர்களும்தான். அறுத்த வயல்மேல் விழும் மாலை வெயிலைப் போல, இடுப்பு உயரத்தில், படுக்கை வாட்டத்தில் வந்தது. சட்டத்தைத் தொட்டது, தண்டவாளத்தைத் தாண்டியது, துணிமேல் பரவியது. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு நிழல் விழுந்தது. இறகுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

"அத்தை, இதக் கண்ணே தெரியாமலா தச்சீங்க?" என்றாள் கெல்சி.

"இருட்டுலதான். உங்கம்மா புண்ணியத்துல."

டெலோரிஸ் குனிந்து தையலைப் பார்த்தாள். பிறகு தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அர்டித், நான் அன்னைக்கு அப்படி..." என்று ஆரம்பித்தாள். அர்டித்தின் தோள் தளர்ந்தது. வெளிச்சம் தீக்குச்சி அளவுக்குச் சுருங்கியது. முதலில் கவனித்தவன் லூமிர்.

"அக்கா, வாய மூடு," என்றான்.

அவள் மூடினாள். வெளிச்சம் திரும்பி வந்தது. கெல்சிக்கு அந்தப் போர்வையைப் போர்த்தித்தான் முக்காட்டை எடுத்தார்கள்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்த விஷயத்துக்காக யாரும் அர்டித்திடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது முடிவான விஷயம். அவள் இயல்பில் இளகிய மனசுக்காரி, கோபம் அதிக நாள் தங்காது. கிறிஸ்துமஸ் முடிந்தால் சுவர் மங்கத் தொடங்கிவிடும். அப்போது டெலோரிஸுக்குப் போன் போகும். கெல்சியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். டெலோரிஸின் இடுப்பெலும்பு தேய்ந்தது. மருமகன்கள் நாற்காலியோடு தூக்கி அவளைக் கீழே இறக்கினார்கள். கூப்பிட்டு ஒருமுறைகூட அவள் வராமல் இருந்ததில்லை. குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதை அவள் செய்கிறாள். அதைக் குறை சொல்ல ஊருக்கு உரிமை இல்லை. கோட்டைக் கழற்றாமல், மடியில் கொலாச் தட்டோடு உட்கார்ந்து, சட்டத்திலிருக்கும் துணியைப் பார்ப்பாள்.

"வித்தியாசமா இருக்கு," என்பாள்.

அர்டித் திரும்பிப் பார்ப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடிகளைப் பிடிக்கிறாள். மேற்குச் சுவர் வெளுக்கிறது. லூமிர் மேலே போய் அக்காவுக்குக் காப்பி போடுகிறான்.