பனிக்குப் போன மணல் பூட்ஸ்

"இது ராஜஸ்தான் மணலு இல்லீங்க. நம்ம பெண்ணையாத்து மணலு."

"நீ ராஜஸ்தானுக்குப் போயி பாத்துட்டு வந்தியா?"

"போவல. பெண்ணையாத்துல துணி தொவச்சிக் கை காச்சிப்போனவ நானு. இதோ பாருங்க, நத்தை ஓடு. பாலைவனத்துல நத்தை எங்கேருந்து—"

"காத்துல வந்திருக்கும்டி, காலங்காத்தால உயிர எடுக்காத—"

"காத்துல வந்துச்சா, உங்க துண்டு முடிச்சுல வந்துச்சா?"

குருவிநத்தத்தில் சிவப்பிரகாசம் வீட்டு வாசற்படிக்கு இடப்பக்கம் கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பைப் பற்றித்தான் அவருக்கும் மனைவி ஆண்டாளுக்கும் இந்தச் சண்டை. அவர்கள் மகன் தமிழ்க்குமரன் பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று, புது ஷூவை மாட்டிக்கொண்டு, பழைய செருப்பை அங்கே கழற்றி விட்டுவிட்டுப் போனான். அதிலிருந்து அவன் எந்த மண்ணில் நிற்கிறானோ அந்த மண்ணும், அங்கே அடிக்கிற மழையோ பனியோ எதுவானாலும் அதுவும், பொழுது விடிவதற்குள் அந்தச் செருப்பில் வந்து சேர்ந்துவிடும். வெளியூர் போனவர் திரும்புகிற வரைக்கும் அவர் விட்டுப்போனதை நகர்த்தக் கூடாது என்று அவன் அம்மா ஆண்டாள் பிடிவாதமாக இருந்தாள். சாணி தெளித்தால் செருப்பைச் சுற்றி ஒரு சாண் விட்டுத் தெளிப்பாள். மார்கழியில் கோலம்கூட அந்த இடத்தில் வளைந்துதான் போனது.

ஊரில் யாரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சிவப்பிரகாசத்துக்கு மட்டும் அது பெரிய சௌகரியமாக இருந்தது. ஏனென்றால் அந்த வீட்டில் அப்பாவும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. கோபதாபம் ஒன்றும் கிடையாது. பிள்ளைக்கு மீசை அரும்பியதும் பேச்சு அம்மா வழியாகப் போவது அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் உள்ளதுதான். "அவன சாப்புடச் சொல்லு" என்பார், அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். "அப்பால சாப்புடறேன்னு சொல்லும்மா" என்பான். ஆண்டாள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்வாள். பட்டாளத்துக்குப் போன பிறகு போனிலும் அதே கதைதான். மணி அடித்தால் எடுத்து ஆண்டாள் கையில் கொடுத்துவிட்டு, கரும்புக் கொல்லையைப் பார்த்தபடி காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பார். எப்படி இருக்கிறாய், உனக்கு என்ன வேண்டும் என்று மகனைக் கேட்கிற வழக்கம் இல்லாததால், எல்லாவற்றையும் செருப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

முதலில் அவனை வடகிழக்குக் காட்டுப் பக்கம் போட்டிருந்தார்கள். இங்கே வெயில் கொளுத்தும்போது செருப்பு மட்டும் நனைந்து கிடக்கும். அட்டைகள் நெளியும். எதிர்வீட்டுக் காசம்மாள் ஒரு கை உப்பைக் கொண்டுவந்து தூவிவிட்டுப் போவாள். சிவப்பிரகாசம் பாகூர் கடைத்தெருவுக்குப் போய், செருப்புக்கடை மைதீன் பிச்சையிடம் விஷயத்தைச் சொன்னார். "மழைக் காட்டுக்கா மாமா, அப்ப தண்ணி உள்ள போனா வெளிய வர்றதுக்கு அடியில ஓட்டை இருக்கணும்" என்று பாய் தன் போனில் ஒவ்வொரு பூட்ஸாகத் தள்ளிக் காட்டினார். இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்க அதன் அடி, நாக்கு, லேஸ் எல்லாவற்றையும் ஆராய்ந்து, ஒரு ஜோடியை வரவழைத்து அனுப்பினார்கள். பார்சல் போய்ச் சேருவதற்குள் அவனை ராஜஸ்தானுக்கு மாற்றிவிட்டார்கள். மழைக்கு வெட்டிய ஓட்டை வழியாக மணல் உள்ளே போனது. "பூட்ஸ் நல்லா இருக்குன்னு சொல்லும்மா" என்றான் தமிழ்க்குமரன். ஆண்டாள் சொன்னாள்.

செருப்பில் மணல் கொட்டத் தொடங்கியது. பொடிப்பொடியான, தேன் நிறத்து மணல். அதில் வறுத்த வேர்க்கடலைக்குத் தனி ருசி என்று காசம்மாள் தினம் ஒரு கிண்ணம் அள்ளிக்கொண்டு போவாள். சிவப்பிரகாசம் மறுபடியும் பாகூர் போனார். மணலுக்கு லேசாக இருக்க வேண்டும், ஓரத்தில் துணி வைத்திருக்க வேண்டும், உள்ளே காற்றுப் போய் வர வேண்டும் என்று இந்தத் தடவை அவரே பாய்க்குச் சொன்னார். அதற்குள் அவர் பேர் பரவியிருந்தது. யார் வீட்டுப் பிள்ளை பட்டாளத்துக்கோ போலீசுக்கோ ஆள் எடுப்புக்குப் போனாலும், சிவப்பிரகாசத்தை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பூட்ஸ் வாங்கினார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சதுப்புக்கு எது, கல்லுக்கு எது, ஈரப் பாறையில் எந்த அடி வழுக்காது என்று அவர் விளக்குவார். வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு வயலில் இறங்கிய மனிதர்.

மணல் பூட்ஸ் போய்ச் சேர்ந்தபோது தமிழ்க்குமரன் பனிமலையில் இருந்தான். சித்திரை மாதம், குருவிநத்தத்தில் தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. வாசற்படியில் செருப்பு இரண்டும் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தன. காசம்மாள் மோர்ச் சொம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் குளிர வைத்துக்கொண்டாள். சிவப்பிரகாசத்துக்கோ வேறு ஒரு ஆசை வந்துவிட்டது.

"அந்தப் புது பூட்ஸப் போட்டுக்கினு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

ஆண்டாள் போனில் சொன்னாள். பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். "இங்க பனியாம். அது மணலுக்கு உள்ளதாம். பனிக்கு கவர்மெண்டே ரோமம் வெச்ச பூட்ஸ் குடுத்திருக்காம்."

"ஒரு போட்டோவுக்கு இன்னா ஆயிடப் போவுதுன்னு கேளு."

ஆண்டாள் கேட்டாள்.

போட்டோ வந்தது. பின்னால் மலை, நடுவில் தமிழ்க்குமரன், காலில் பாகூர் பூட்ஸ். மைதீன் பிச்சை அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். "நம்ம கடை பூட்ஸு இமயமலை ஏறிடுச்சி மாமா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சிவப்பிரகாசம் கொல்லை வேலையை விட்டுவிட்டு, தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பாகூருக்குப் போய் அந்தப் படத்துக்குக் கீழே நின்றார்.

அந்த வாரத்தில்தான் ஒரு காலையில் இடது செருப்பு மாறியிருந்தது. வருஷக்கணக்கில் மிதித்துத் தேய்ந்த செருப்பு அது, ஐந்து விரலுக்கும் ஐந்து குழி இருக்கும். அன்றைக்குச் சுண்டுவிரல் குழியும் அதற்குப் பக்கத்துக் குழியும் மேவிப்போய், புதுச் செருப்பைப் போல வழவழவென்று இருந்தன. சிவப்பிரகாசம் குனிந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஆண்டாள் வரும் சத்தம் கேட்டதும் துண்டை உதறுவதுபோல் நிமிர்ந்துகொண்டார். பிறகு வெகுநாள் செருப்பில் மண்ணே இல்லை, ஆஸ்பத்திரி வாடை மட்டும் அடித்தது. அதற்கும் பிறகு, ஒரு நாள் விடியும்போது, செம்மண்ணும் கறுப்பு எண்ணெயும் இரும்புச் சீவலும் கிடந்தன. செம்மண்ணில் இரும்புச் சீவல் விழுகிற இடம் எது என்று புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேதராப்பட்டு தொழிற்பேட்டை. பிள்ளை பட்டாளத்தை விட்டு, பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் ஒரு கம்பெனியில் நிற்கிறான், வீட்டுக்கு வரவில்லை.

என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வரவில்லை என்று சிவப்பிரகாசம் முடிவு செய்துகொண்டார். அதைச் செருப்பு ஊருக்கே சொல்லிவிடும் என்கிற கூச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆகவே ஆண்டாள் எழுவதற்கு முன்னால் எழுந்து, எண்ணெயைத் துடைத்து, இரும்பை ஊதித் தள்ளி, ஆற்றிலிருந்து துண்டில் முடிந்து வந்த மணலைத் தூவினார். "பனியிலேருந்து மறுபடி பாலைவனத்துக்கே மாத்திட்டாங்க" என்று டீக்கடையில் சொன்னார். இந்த மணலில் கடலை சரியாகப் பொரியவில்லையே என்று காசம்மாள் குறைப்பட்டுக்கொண்டாள். பாகூருக்குப் போவதை நிறுத்திவிட்டார். வழியில் மைதீன் பிச்சையின் வண்டியைக் கண்டால் கரும்புக்குள் இறங்கிக்கொண்டார். நேற்றுச் சாயங்காலம் சுப்பராயலு மகள் பிரியதர்ஷினி, எல்லைக் காவலில் சேர்ந்திருக்கிற பெண், இனிப்போடு வந்து நின்றாள். "மாமா, பனிக்கு எந்த பூட்ஸ் வாங்கறது? உங்களத்தான் கேக்கச் சொன்னாங்க" என்றாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இனிப்பை வாங்கிக்கொண்ட ஆண்டாள், விடிந்ததும் நேராகச் செருப்பிடம் போய் மணலை அள்ளிப் பார்த்துவிட்டாள்.

"எனக்கு எல்லாம் தெரியுங்க" என்றாள் இப்போது, நத்தை ஓட்டை அவர் உள்ளங்கையில் வைத்து. "ஆஸ்பத்திரியில இருந்தே எனக்குச் சொல்லிட்டான். போட்டோ எடுக்க மலை தெரியற எடமாப் பாத்துத் தள்ளிப் போயிருக்கான். திரும்பறப்ப பனிக்காத்து புடிச்சிக்கிச்சாம், தடம் மூடிக்கிச்சாம். துணி பூட்ஸு, தண்ணி எறங்கி ஒறஞ்சி, ரெண்டு வெரலு போச்சி. வேலையும் போச்சி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பாகிட்ட சொல்லாதம்மான்னான். போட்டோ கேட்டதாலதான்னு தெரிஞ்சா ஒடைஞ்சிடுவாரு, நொண்டிக்கினு வந்து அவர் எதுர்ல எப்டி நிக்கறதுன்னு அழுதான். அதான் வூட்டுக்கு வராம கெடக்கறான்."

சிவப்பிரகாசம் நத்தை ஓட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"கேட்டது நீங்க. வாங்கிச் சொன்னது நானு. இன்னா ஆயிடப் போவுதுன்னு என் வாயாலதான கேட்டேன்" என்றாள் ஆண்டாள். "ரெண்டு பேரும் மூஞ்சிய மறச்சிக்கினு எத்தினி நாளு மணல் தூவறது?"

அவர் குனிந்து, இத்தனை காலம் யாரும் நகர்த்தாத செருப்பைக் கையில் எடுத்தார். செருப்பு கிடந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. "கெளம்பு, போலாம்" என்றார்.

"நான் வரல. நான் வந்தா ரெண்டு பேரும் என்னப் பாத்துக்கினுதான் பேசுவீங்க."

செருப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, புதுச்சேரி போய், அங்கிருந்து சேதராப்பட்டு பஸ் ஏறினார். வில்லியனூரைத் தாண்டும்போது துண்டிலிருந்து எண்ணெய் சொட்டத் தொடங்கியது. "இன்னா பெருசு, சீட்டெல்லாம் நாசமாவுது, உள்ள இன்னா வெச்சிருக்க?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

"செருப்பு."

"செருப்புல ஏன்யா எண்ண ஒழுவுது?"

பக்கத்து சீட்டில் கீரைக்கட்டோடு இருந்த அம்மாள், "புள்ள கம்பெனில வேல செய்யறான் போல, விடுப்பா" என்று சொல்லி, ஒரு பழைய பேப்பரை எடுத்து அவர் மடியில் விரித்தாள். கண்டக்டரும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "பட்டாளத்துல இருந்தான். இப்ப கம்பெனில இருக்கான்" என்றார் சிவப்பிரகாசம் அந்த அம்மாளிடம். பஸ்ஸில் பாதிப் பேர் காதில் விழுந்திருக்கும்.

ஆண்டாள் சொன்ன கம்பெனி கேட்டில் அவர் நின்றபோது, ஷிப்ட் விட்டு ஆட்கள் கும்பலாக வந்தார்கள். இந்திக்காரப் பையன்கள், தெரிந்த ஊர்க்காரர்கள், சோற்றுத் தூக்கை ஆட்டிக்கொண்டு வரும் பெண்கள். எல்லோருக்கும் பின்னால் தமிழ்க்குமரன் வந்தான். காலில் முனையில் இரும்பு வைத்த கம்பெனி ஷூ, இடது காலை மட்டும் ஓரமாக வைத்து வைத்து நடந்தான். அப்பாவைக் கண்டதும் நின்றான். கால் தெரியாமல் இருக்க ஒரு சைக்கிளுக்குப் பின்னால் நகரப் பார்த்தான். சைக்கிளை அதன் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சிவப்பிரகாசம் செருப்பைத் துண்டிலிருந்து பிரித்து அவன் முன்னால் செம்மண்ணில் வைத்தார். வைத்ததும் எண்ணெய் நின்றது. மகன் நிற்கிற மண்ணிலேயே வந்து சேர்ந்துவிட்டதால், அதற்கு மேல் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. இரண்டு குழி மேவிய வெறும் ரப்பர் செருப்பாக அது கிடந்தது. தமிழ்க்குமரன் அந்தக் குழிகளைப் பார்த்தான், அப்பாவும் அதையே பார்ப்பதைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். சொல்ல வேண்டியதை அவனிடம் சொல்லச் சொல்வதற்காக, பழக்கத்தில் சிவப்பிரகாசம் பக்கவாட்டில் திரும்பினார். அங்கே ஆண்டாள் இல்லை, கேட் கம்பிதான் இருந்தது. அவர் மறுபடியும் திரும்பி, மீசை முளைத்த பிள்ளையின் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"உன் காலுக்கு எது சரியா இருக்கும்னு நீயே சொல்லு, தமிழு."