சாருக்கு ஒரு தண்ணி

கலக்கிக்கு அன்று நேரமே சரியில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம். ஹோட்டல் பாரில் சரக்கு கலக்கிக் கலக்கியே அந்தப் பெயர் வாங்கிய அவன், வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தபோது, காதலியின் அப்பா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றார்.

ரிசப்ஷனில் உட்காருங்கள், நானே வருகிறேன் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கேட்டால்தானே! குடிக்கிறவன் வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்று ஊருக்கே உபதேசம் பண்ணுகிற மனிதர். அவரிடம் மகள், பையனுக்குக் குளிர்பானப் பிரிவில் வேலை என்று அளந்துவிட்டிருந்தாள். ஒரு வகையில் உண்மைதான். ஐஸ் போடாமல் அவன் எதையும் கொடுத்ததில்லை.

"வாங்க சார், உக்காருங்க சார்." பின்னாலிருந்த பாட்டில்களை முதுகால் மறைக்கப் பார்த்தான். அலமாரியோ சுவர் நீளம், முதுகோ ஒரு முழம்.

"அப்பப்பா, என்ன வெயில்! தம்பி, முதல்ல ஒரு கிளாஸ் தண்ணி குடுங்க."

அங்கேதான் சனி அவன் நாக்கில் உட்கார்ந்தான். "புயலக்கா! சாருக்கு ஒரு தண்ணி, சீக்கிரம்!" என்று பதற்றத்தில் கத்திவிட்டான்.

அந்த பாரில் ஒரு வழக்கம். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருப்பதால் ஜின்னுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தண்ணி'. நிஜத் தண்ணீர் வேண்டுமென்றால் 'பச்சத்தண்ணி' என்று கேட்க வேண்டும். சட்டம் போட்டவனே கலக்கிதான். பரிமாறும் புயலக்காவோ சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜென்மம். கோடையில் ஜின் கேட்கிறவர்களுக்கென்று அவன் காலையில்தான் ஜாடியில் புதிதாகக் கலந்து வைத்திருந்தான்: ஜின், எலுமிச்சை, புதினா, வெள்ளரி, மேலே சோடா. அதில் ஒரு பெரிய கிளாஸ் நிறைய ஊற்றி, அவன் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அவர் ஒரே மூச்சில் பாதியை இறக்கினார். கலக்கி அக்காவை முறைத்தான்.

"என்னை ஏன்டா முறைக்கற? நீதானே தண்ணின்னே?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

"என்ன தண்ணி தம்பி இது? உள்ள போனதும் ஜில்லுன்னு காத்தடிக்குது?"

வெள்ளரித் தண்ணி சார் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மீதியையும் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார், கல்யாணமும் நடக்கும். ஆனால் காலம் பூரா அந்த முகத்தில் எப்படி விழிப்பது? வேலையைப் பற்றிப் பொய் சொன்னது ஒன்று, மனுஷனை ஏமாற்றிக் குடிக்க வைப்பது வேறு. காதலியை நினைத்தபோது அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"வச்சிடுங்க சார். அது ஜின்னு. நான் குளிர்பானமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சரக்கு கலக்கறதுதான் என் வேலை. தவறுதலா வந்துடுச்சு, மன்னிச்சிடுங்க."

பெரியவர் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"அதுகூடத் தெரியாம இருக்க, மூக்கை என்ன வீட்டுலயா கழட்டி வச்சிட்டு வந்தேன்? கல்யாணத்துக்கு முன்னாடி நான் போடாத ஆட்டமா! அவ அம்மாவுக்குப் பயந்துல்ல விட்டேன்." வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்தார். "நீ மட்டும் வேற ஏதாவது புளுகியிருந்தா, அப்பவே எந்திரிச்சுப் போயிருப்பேன். எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்."

அவருடைய செல்போன் அடித்தது. மகள்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, இந்த வெயில்ல போயிருக்கீங்களே, ஏதாவது குடிச்சீங்களா?"

"தண்ணி குடிச்சேம்மா," என்றார் பெரியவர், கொஞ்சமும் கூசாமல். "மாப்ள குடுத்தாரு."