மலையம்மாளின் ஓர சீட்

மலையம்மாள் அக்கா இந்த முறையும் டிமிக்கி கொடுத்துவிட்டார். பித்தப்பையில் கல். வலி வந்தால் சுருண்டு விழுகிற மனுஷி. காப்பீட்டு அட்டை இருக்கிறது, அனுமதி வாங்கியாகிவிட்டது, கட்டில் தயார், டாக்டர் தயார். ஆள்தான் இல்லை. கம்பத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான், ஷெரின். ஒவ்வொரு அனுமதிக்கும் நான் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும்.

"இலவசம்னா இவுகளுக்கு அரும தெரியாதும்மா" என்றார் மேனேஜர் பாண்டியராஜன். எனக்கும் அதே கடுப்புதான். போன் போட்டால், மலையாளத்தில் பதிவு செய்த ஒரு பெண்குரல் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. நேரிலேயே போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று மறுநாள் விடியுமுன்னே கிளம்பினேன். அக்கா கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். அந்த ஜீப்புகள் நிற்கும் இடம் கம்பத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும்.

ஜீப்புக்குள் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்சீட்டில் ஓரமாக, மடியில் தூக்குவாளியோடு மலையம்மாள் அக்கா.

"ஏங்க்கா, உங்களுக்கு உசுரு மேல ஆசை இல்லையா?"

"இருக்கப் போயித்தான ஆத்தா இதுல உக்காந்துருக்கேன்."

டிரைவர் சங்கிலி வண்டியைக் கிளப்பிவிட்டார். "வையணும்னா ஏறிக்கிட்டு வைங்க மேடம். செக்போஸ்ட்டுல கூட்டமாயிரும்."

ஏறிவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு முன்னும் பின்னும் தெரியாது. கம்பம் மெட்டுக்கு ஏறுகிற வளைவுகளில் நான் தயாரித்து வைத்திருந்த வசவெல்லாம் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. அய்யம்மாள் என்று ஒரு அக்கா புளிப்பு மிட்டாய் கொடுத்தார். அதைச் சப்பிக்கொண்டு வாயை மூடியிருந்த நேரத்தில்தான் மலையம்மாள் அக்கா சொன்னார்.

"ஆப்பரேசன் முடிஞ்சா ரெண்டு வாரம் குனிய நிமிர கூடாதுன்னு டாக்டரு சொன்னாக. அதுவரைக்கும் என் சீட்டு சும்மா கெடக்குமா?"

ஜீப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துக்குத் தலை குறையாமல் ஆள் கொண்டுபோக வேண்டியது சங்கிலியின் பொறுப்பு. ஒருத்தி வராவிட்டால், காத்திருக்கிறவர்களில் ஒருத்தியை ஏற்றிக்கொள்வார். ஏறியவள் ஒரு வாரம் விடாமல் வந்துவிட்டால் சீட் அவளுடையது. சீட் போனால் வேலை போயிற்று. அப்புறம் இன்னொரு ஜீப்பில் இடம் கிடைக்கும்வரை விடிகாலையில் ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

"அந்த அட்ட ஆப்பரேசன் செலவப் பாத்துக்கிரும், சரி. என் சீட்ட யாரு பாத்துக்கிருவா?"

இவரைத் திட்டக் கிளம்பி வந்ததை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. வெட்கப்பட்டால் என் வாய் சும்மா இருக்காது. "நான் வந்து உக்கார்றேன்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

ஜீப்பே குலுங்கச் சிரித்தது. "காய் எது, பிஞ்சு எதுன்னு தெரியுமா இந்தப் புள்ளைக்கு?" என்று அய்யம்மாள் அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். கிள்ளிய கை பாதியில் நின்றது. "ஏலே சங்கிலி! ஒரே ஆளு விடாம வந்தாத்தான சீட்டு அவளுக்கு? தெனம் ஒரு ஆளு வந்தா?"

சங்கிலி யோசித்தார். "இப்படி யாரும் கேட்டதில்லையேக்கா."

"இப்பக் கேட்டாச்சுல்ல. சொல்லு."

"தல கொறையாம இருந்தாச் சரிதான்."

அதற்குப் பிறகு ஜீப்பில் ஒரே ஏலம்தான். ஒருத்தி, தன் மகள் அபிதாவுக்குக் காலேஜ் லீவு என்றாள். இன்னொருத்தி, வருசநாட்டிலிருந்து கொழுந்தியாள் வந்து சும்மா தின்றுகொண்டிருக்கிறாள் என்றாள். முதல் நாள் மட்டும் எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். செக்போஸ்ட்டில் இறங்கிப் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து லீவு கேட்டேன். எதற்கு என்றார் மேனேஜர். ஏலக்காய் பறிக்க என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மறுபடி பார்த்தார்.

ஆப்பரேசன் அன்று மலையம்மாள் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில், நான் அவர் சீட்டில். ஏலச்செடியில் காய் தரையை ஒட்டித்தான் பிடிக்கும் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. குந்தி உட்கார்ந்து, ஈரத்தில் நகர்ந்து நகர்ந்து பறிக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே என் இடுப்பு கழன்றுவிட்டது. சூப்பர்வைசர் சேச்சி என் வாளியை எட்டிப் பார்த்து, "எந்தா மோளே, எல்லாம் பிஞ்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், போகிற வருகிற அக்காமார் ஆளுக்கொரு கை காயை என் வாளியில் போட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலத்துக்குள் என் வாளியும் மற்றவர்கள் வாளிக்குச் சமமாகிவிட்டது.

மத்தியானம் ஒரு மேட்டில் சிக்னல் கிடைத்தது. அக்காவின் மருமகள் சிம்ரன் பேசினாள். "அத்த கண்ணு முழிச்சுட்டாக மேடம். முழிச்சதும் சீட்டுல யாரு இருக்கான்னுதான் கேட்டாக." நான் அந்த மேட்டிலேயே நின்று அழுதேன். சந்தோசத்தில்தான்.

அடுத்தடுத்த நாள்களில் அபிதா வந்தாள், கொழுந்தியாள் வந்தாள், யார் யாரோ வந்தார்கள். ஒரு நாள் ஆள் கிடைக்காமல், சங்கிலி தன் சம்சாரத்தையே தூக்கத்திலிருந்து எழுப்பி ஏற்றினாராம். காத்திருந்த பெண்கள் முறைத்ததை அவர் கண்டுகொள்ளவில்லை.

மலையம்மாள் அக்கா திரும்பி வரும் நாளில் நானும் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். கொஞ்சம் இளைத்திருந்தார். வண்டி நிறைந்து கிடக்க, ஓர சீட் மட்டும் காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்து ரெக்சினைத் தடவிப் பார்த்தார்.

"கெளம்பலாமா?" என்றார் சங்கிலி.

"செத்த நில்லுலே." அய்யம்மாள் அக்கா வெளியே தலையை நீட்டினார். "ஷெரினு, எனக்குக் கர்ப்பப்பையில கட்டி. போன வருசமே தேதி குடுத்தாக. போகல."

"எனக்குக் குடலெறக்கம்" என்றது நடுவரிசையிலிருந்து ஒரு குரல்.

"எனக்குக் கழுத்துல கழல."

இருட்டில் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. சங்கிலி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஏத்தா, நான் ஜீப்பா ஓட்டுறேன், ஆம்புலன்சா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சிரிக்கும்போதே மனசு கனத்தது. அந்த ஜீப்பில் நோயில்லாமல் ஏறிய ஒரே ஆள், அன்றைக்கு அவர்களைத் திட்டுவதற்காக ஏறிய நான்தான்.

மலையம்மாள் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். "மொதல்ல அய்யம்மாளுக்குத் தேதி போடு தாயி. சீட்ட நாங்க பாத்துக்கிறோம்."