யாரும் தொடாமல் இருபத்தொரு கிலோமீட்டர்

ஷர்ஷென் மாமாவுக்கு உலகத்தில் ஓடுவதெல்லாம் குதிரைதான். முப்பது வருஷமாகப் பந்தயக் குதிரைகளைத் தயார் செய்கிறவர். ஏரிக்கரை அரை மாரத்தானுக்கு நான் பெயர் கொடுத்ததும், யாரும் கேட்காமலே என்னையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வராது. ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டதற்கும் அதுதான் காரணம்.

ஒன்றரை மாதம் இரவுச் சாப்பாடு கிடையாது. ஓடப்போகும் குதிரைக்கு வயிறு ஒட்டியிருக்க வேண்டுமாம். ஜூன் வெயிலில் குளிர்காலக் கோட்டு இரண்டைப் போட்டுக்கொண்டு கரையோரம் ஓடினேன். திரும்பி வந்ததும் மாமா என் நெற்றி வேர்வையை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

"இன்னும் உப்புக் கரிக்குது. கசடு போகல. நாளைக்கு மூணாவது கோட்டும் போட்டுக்க, மருமவளே."

மனுஷ வேர்வை எப்போதும் உப்புத்தான் கரிக்கும் என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது தாமாரா மாமிக்காக. போன இலையுதிர் காலத்தில் சர்க்கரை நோய் அவளுடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. இந்த ஓட்டத்தை நடத்தும் தர்ம சங்கம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கிற ஒவ்வொருவருக்காகவும் ஒரு செயற்கைக் கால். யாருடைய பெயரைச் சட்டையின் முதுகில் எழுதி ஓடுகிறோமோ அவர்களுக்கு. என் முதுகில் மாமியின் பெயர்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. சொந்தக் காலால் ஓட வேண்டும். வழியில் யாராவது தொட்டு உதவினால் ஓட்டம் செல்லாது. சங்கத்துக்கார லாரிசா அம்மா எங்கள் ஊருக்கே வந்து இதை இரண்டு தடவை சொன்னார். முதல் வரிசையில் உட்கார்ந்து மாமா தலையை ஆட்டினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காது கொடுத்துக் கேட்கும்போது அவர் தலையை ஆட்டுவதில்லை.

எங்கள் பக்கத்து நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தில் ஒரு வழக்கம். களைத்து வரும் குதிரையைக் கடைசி மைலில் உறவுக்காரர்கள் எதிர்கொண்டு போய், கடிவாளத்தைப் பிடித்து, குலப்பெயரைக் கூவிக்கொண்டே எல்லைக்கு இழுத்து வருவார்கள். போகாமல் வீட்டில் இருப்பவன் உறவுக்காரனே இல்லை.

இருபதாம் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம். காலில் கட்டைவிரல் நகம் ஒன்று போயிருந்தது. ஆனாலும் இதே வேகத்தில் போனால் போதும். அப்போதுதான் எதிரே புழுதி எழுந்தது.

பன்னிரண்டு குதிரைகள். முன்னால் சாம்பல் குதிரையில் மாமா. எல்லோரும் குலப்பெயரைக் கூவிக்கொண்டு வந்து, குதிரைகளைத் திருப்பி, என்னை நடுவில் விட்டு வளைத்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால் சாலையே தெரியவில்லை.

"இந்தா பெர்மெட், கயித்தப் பிடி," என்றார் மாமா, சேணத்தில் கட்டிய கயிற்றை என்னிடம் நீட்டி.

"வேணாம் மாமா."

"என்ன சொல்றா?"

"கூச்சப்படுறா," என்றான் அத்தை மகன் தொக்தோர்.

"நம்மாளுங்க கிட்ட என்ன கூச்சம்? பிடி."

"தொடக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல, மாமா."

"அது ரஷ்யாக்காரங்களுக்குச் சொன்னது. சொந்தக்காரன் தொட்டா அது தொடுறதா?"

இதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் தொக்தோர் மறுபக்கத்திலிருந்து குனிந்து என் சட்டையின் முதுகைப் பற்றிவிட்டான். அறுபது தப்படியாவது போயிருப்போம். என் கால் தரையில் பட்டது அதில் பாதிதான்.

விசில் சத்தம் கேட்டது. சைக்கிளில் பின்தொடர்ந்து வந்த வழுக்கைத்தலை நடுவர் இறங்கி, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"கை பட்டாச்சு, ஓட்டம் செல்லாது. உங்க நம்பரைச் சொல்லுங்க."

அந்தப் பென்சிலைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆயிற்று.

"எறங்குங்க," என்றேன். அவர்கள் இன்னும் கூவிக்கொண்டிருந்தார்கள். "எறங்குங்கன்னு சொல்றேன், எல்லாரும்! மாமா, நீங்க இழுக்கிறது என்னையில்ல. மாமியோட காலைப் பிடுங்கி இந்த ஏரியில எறியுறீங்க. எறங்கி, கையப் பின்னால கட்டுங்க."

தன் குதிரை வாய் திறந்து பேசியதைப் போல மாமா என்னைப் பார்த்தார். பிறகு இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

நடுவரிடம் திரும்பினேன். "எங்கேருந்து தூக்கினாங்களோ, அங்கேருந்து மறுபடி ஓடுறேன். அப்பவாவது சரியா?"

அவர் பன்னிரண்டு பேரையும் பார்த்தார். என் முதுகில் இருந்த பெயரையும் எட்டிப் படித்தார்.

"அந்தப் பாப்லர் மரத்துக்கிட்டதான் தூக்கினாங்க. அங்க போய்த் தொடங்குங்க, நான் எழுதல. ஆனா கடிகாரம் நிக்காது."

திரும்பி நடந்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான அறுபது தப்படி அதுதான். மரத்தைத் தொட்டுவிட்டு ஓடினேன். இரண்டு பக்கமும் மாமன்மார்களும் அண்ணன்மார்களும் கையைப் பின்னால் கட்டி நின்றார்கள். கடந்து போனதும் எல்லோரும் அப்படியே என் பின்னால் நடந்தார்கள். குதிரைகள் தம் பாட்டுக்கு வந்தன. மாமாவின் கை அடங்கியது, வாய் அடங்கவில்லை.

"மூக்கால மூச்சு விடு, மருமவளே. கழுத்தத் தூக்காத."

"பேசாம வாங்க, மாமா."

இரண்டு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் சொச்சத்தில் கோட்டைத் தாண்டினேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த ஊர்வலத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு ஆம்பளைங்க கையக் கட்டிக்கிட்டு வர்றாங்களே, யாரு செத்தா?"

"யாரும் சாகல மாமி. கொஞ்சம் விட்டிருந்தா நான் கொன்னிருப்பேன்."

நடுவர் லாரிசா அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அவர் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். "பேர் தாமாரா. எந்தக் கால்?"

"வலது," என்றார் மாமா, நாற்காலிக்கு நேர் எதிரே நின்றபடி. லாரிசா அம்மா எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீங்க," என்றாள் மாமி. "ஒம்போது மாசமா எதிர்ல உக்காந்து டீ குடிக்கிற மனுஷன். அவரு பக்கத்துலேருந்து பாத்தா வலதுதான். அத நம்பினா எனக்கு ரெண்டு வலது காலாயிரும்."

"எது வலதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மாமா.

நான் மாமியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய், அவள் பார்க்கிற திசையைப் பார்த்து நின்றேன். என் கைகளையும் அவள் காலையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டேன். பிறகு லாரிசா அம்மாவிடம் பேனாவை வாங்கி, 'வலது' என்றிருந்ததை அடித்துவிட்டு 'இடது' என்று நானே எழுதினேன்.