பலேர்மோவில் ஒரு கதிரை

கனடாப் பாஸ்போர்ட் கைக்கு வந்த கிழமையே மெற்றில்டா இத்தாலிக்கு ரிக்கற் போட்டுவிட்டாள். அவளுடைய கணவன் சவிரிமுத்து, கனடாவுக்கு வரும் வழியில் பலேர்மோவில் மாட்டுப்பட்டு, கோப்பை கழுவி, அங்கேயே மாரடைப்பில் போனவன். அவனோடு ஒரே அறையில் இருந்த அருளப்பு இப்போது கனடாவில், பார்க்டேலில் இருந்தான். பலேர்மோ விபரம் கேட்க அவனிடம் போனாள்.

“தனியவோ அக்கா? அது பொல்லாத ஊர். ஸ்கூட்டரில வந்து பையைப் பறிப்பாங்கள்.”

“பறிக்கட்டும். சொல்லும்.”

“அண்ணையைப் புதைச்ச சேமக்காலைக்குக் காலமையே போங்கோ, மத்தியானம் பூட்டிப்போடுவாங்கள். சந்தையில கத்தினால் பயப்பிடாதேங்கோ, சண்டையில்லை, மீன் விலை. கோப்பியை நிண்டு குடியுங்கோ, கதிரையில இருந்தால் கூடுதல் காசு. நாங்கள் வழமையாப் போற கடற்கரைக் கடையில ஒருநாளும் இருந்ததில்லை. ‘மெற்றில்டா வரட்டும், இருப்பம்’ எண்டுவார் அண்ணை.”

மெற்றில்டா எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

“அந்தக் கடை எந்தத் தெருவில?”

“அக்கா, அது சும்மா ஒரு கதைக்கு…”

“சேமக்காலையில இருந்து நேரா அங்கதான் போவன். இருந்துதான் குடிப்பன்.”

அருளப்பு அவள் முகத்தைப் பார்த்தான்.

“அப்பிடியெண்டால் உள்ளுக்கை இருக்காதேங்கோ அக்கா,” என்றான். “வெளியில, கடலைப் பாத்த கதிரையில இருங்கோ.”