மறுபக்கம் பேசியவன்

எங்கள் கட்சி மூன்று முறை உடைந்து இரண்டு முறை ஒட்டிக்கொண்ட கட்சி. முதல் உடைப்பு கட்சி பிறந்த வருடமே. எதிர்க்கருத்துக்காரர்களைப் பேசவிடாமல் ஓட்டெடுத்தார்களாம்; பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்கம்: மறுபக்கத்தைக் கேட்காமல் எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்கக் கூடாது. பேச ஆள் இல்லையென்றால் நம்மிலேயே ஒருவர் எழுந்து பேச வேண்டும். சிறையில்கூட இதை விடவில்லை என்று பெருமையடிப்போம். ஆட்சிக்கு வந்தபின் மற்ற கொள்கையெல்லாம் காற்றில் போனது. இதை மட்டும் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டோம்.

அரசு மருத்துவமனையின் சலவைக்கூடத்தைத் தனியாருக்குக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. எங்கள் அரசுதான், வேறு யார்? என் அக்கா இருபத்திரண்டு வருடமாக அங்கே ரத்தக்கறைத் துணி துவைக்கிறாள். அத்தான் படுத்த படுக்கை. நான் படித்து வாத்தியார் ஆவதற்காக மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள்.

"வேண்டாம்னு உங்க கிளை தீர்மானம் போட்டு அனுப்பட்டும், நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று மந்திரி வாக்குக் கொடுத்திருந்தார்.

ஞாயிறு காலை கூட்டம். பத்தொன்பது பேர், அத்தனை பேரும் தீர்மானத்தின் பக்கம். கிளைத் தலைவரான தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மறுபக்கம் யாரு பேசறது?"

ஒருவரும் எழவில்லை.

"வாத்தியாரே, நீ பேசுப்பா."

"அண்ணே, எங்க அக்கா வேலைண்ணே அது!"

"அதுக்கென்ன? ஒப்புக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டு உட்காரு."

ஒப்புக்குத்தான் எழுந்தேன். ஆனால் முப்பது வருட மேடை நாக்கு, சும்மா இருக்குமா? பழைய இயந்திரம், நோயாளிக்குத் தொற்று என்று பேசப் பேச சூடு பிடித்தது. "இருபது பேர் வேலைக்காக இருநூறு படுக்கைகளை அழுக்காக விடலாமா?" என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

தீர்மானத்துக்கு ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு பத்து. என் கை ஆதரவாகத்தான் எழுந்தது. தையல்காரரின் கை எதிர்ப்பில்.

"நீ இவ்வளவு நியாயமாப் பேசுவேன்னு நினைக்கலப்பா."

"அண்ணே, திரும்ப ஓட்டெடுப்போம்ணே."

"எடுத்த ஓட்டைத் திரும்ப எடுத்தா நாம என்ன கட்சி?"

கூட்டக் குறிப்பு என் பேச்சோடு மந்திரிக்குப் போனது. உட்கட்சி ஜனநாயகத்துக்கு நாங்கள் எடுத்துக்காட்டு என்று பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கிளை அலுவலகச் சுவரில் மாட்டினார்கள்.

அடுத்த மாதம் அக்கா ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். கூட்டத்தில் நடந்ததை அவளிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவேயில்லை.

"படிச்சுச் சொல்லுடா. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க முடியல."

வேலைநீக்கக் கடிதம். மூன்றாவது வரியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இருபது பேர் வேலைக்காக இருநூறு படுக்கைகளை...

"ஏன் நிறுத்திட்டே? முழுசாப் படி."

படித்தேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான், பாவி. டேய், நீ கட்சிக்காரன்தானே? இதை எழுதினவனைத் தேடிப் பிடிச்சு, எனக்காக ஒரு வார்த்தை பேசேன்டா."